நமுத்துப் போகாமல் காத்த ஊர்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சொல் உண்டு. நமுத்துப் போச்சு. சேவு நமுத்துப் போச்சு, அப்பளம் நமுத்துப் போச்சு, தீப்பெட்டி நமுத்துப் போச்சு, வெடி நமுத்துப் போச்சு. எல்லாத் தமிழ் ஊர்களிலும் இந்தச் சொல் இருக்கிறது. ஆனால் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிக்காரர்களுக்கு இது சாப்பாட்டுச் சமாசாரம் மட்டும் இல்லை. பிழைப்பே அதில்தான் இருந்தது.

சாத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காரச்சேவு, வெள்ளரிக்காய், தீப்பெட்டி. கொஞ்சம் வயதானவர்களாக இருந்தால் பேனா நிப்பும் ஞாபகம் வரும். பந்துமுனைப் பேனா வருவதற்கு முன்னால், இங்கே தெருத்தெருவாக நிப்பு அடித்தார்கள். இந்தப் பட்டியலில் வெள்ளரிக்காயைத் தவிர மற்ற மூன்றுக்கும் ஒரே எதிரி, ஈரம். சேவு ஈரம் பட்டால் சவசவத்துவிடும். நிப்பு துருப்பிடிக்கும். தீக்குச்சி பற்றாது. பக்கத்து ஊரான சிவகாசியின் பட்டாசும் அச்சுத் தாளும் அப்படித்தான். ஒரே வட்டாரத்தில் இப்படி ஈரத்துக்கு ஆகாத தொழில்கள் இத்தனை வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் எழுதலாம் என்று இருக்கிறேன்.

குலுக்கையிலிருந்து தொடங்குவோம்

தீப்பெட்டிக்கு முன்னாலேயே கரிசல்காட்டு ஆள்களுக்கு ஈரத்தோடு சண்டை உண்டு. கம்பும் சோளமும் குதிரைவாலியும் அறுத்தால் அடுத்த மழை வரை வைத்துச் சாப்பிட வேண்டும். அதற்குத்தான் குலுக்கை. மண்ணும் வைக்கோலும் சேர்த்துப் பிசைந்து, வளையம் வளையமாக ஏற்றி, சாணி மெழுகி, தரையில் படாமல் கல் மேல் நிறுத்துவார்கள். தரையில் படாமல் என்பதுதான் முக்கியம். தரையின் ஈரம் மண் சுவர் வழியாக மேலே ஏறும் என்பது எந்தப் புத்தகமும் படிக்காத பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. குலுக்கையில் கொட்டுவதற்கு முன்னால் தானியத்தைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார்கள். ‘நறுக்’கென்று உடைந்தால் உள்ளே போகலாம். அமுங்கினால் இன்னும் ஒரு வெயில் காய வேண்டும்.

கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில் வைத்ததும் இதே அறிவுதான். கருப்பட்டி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு இளகிவிடும். அடுப்புச் சூடும் புகையும் அந்த இடத்தை எப்போதும் உலர்வாக வைத்திருக்கும். தீப்பெட்டி புழக்கத்துக்கு வந்த பிறகு அதுவும் அதே பரணுக்கோ அடுப்புத் திண்டுக்கோ போய்ச் சேர்ந்தது. ஐப்பசி மழையில் குச்சி பற்றாமல் போனால், மருந்துத் தலையைத் தலைமுடியில் நாலு தடவை தேய்த்துவிட்டு உரசிய பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பனி பெய்வதில்லை

நாம் பனி பெய்கிறது என்றுதான் சொல்கிறோம். மேலேயிருந்து மழை மாதிரி விழுவதாக உலகம் பூராவும் வெகுகாலம் நம்பினார்கள். லண்டனில் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். சின்னச் சின்னக் கம்பளிப் பஞ்சை எடைபோட்டு இரவில் தோட்டத்தில் திறந்த இடத்திலும், மறைப்புக்குக் கீழேயும் வைத்து, காலையில் திரும்ப எடைபோட்டுப் பார்த்தார். 1814-ல் பனியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: தெளிந்த வானம் உள்ள இரவில் புல்லும் இலையும் தகரமும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. அப்போது காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நீராவி அந்தக் குளிர்ந்த பரப்பில் தண்ணீராகப் படிகிறது. ஆக, பனி மேலேயிருந்து விழுவதில்லை. அது உட்காருகிற பொருளின் மேலேயே பிறக்கிறது.

கணக்கு எளிது. 30 டிகிரிச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராம்தான் தாங்க முடியும். மிச்சம் எங்கே போகும்? பக்கத்தில் எது குளிர்ச்சியாக இருக்கிறதோ அதன்மேல் தண்ணீராக உட்காரும். மோர் ஊற்றிய குளிர்ந்த டம்ளர் வேர்ப்பதும், மார்கழி விடியலில் தகரக் கொட்டகையின் அடிப்பக்கம் வேர்ப்பதும் இந்தக் கணக்குப்படிதான். பனையோலைக் கூரை அப்படி வேர்ப்பதில்லை. ஓலை தடித்தது, இடுக்கு வழியாகக் காற்று போய் வரும், கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளவும் செய்யும். தகரத்துக்கு இது ஒன்றும் கிடையாது.

தீக்குச்சி நம் ஊருக்கு வந்த வழி

உரசினால் பற்றும் குச்சியை 1827-ல் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் விற்கத் தொடங்கினார். அதற்குப் பின்னால் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி வந்தது. எங்கே உரசினாலும் பற்றும். ஆனால் அதைச் செய்த தொழிலாளிகளின் தாடை எலும்பு அழுகியது. 1844-ல் ஸ்வீடனில் குஸ்தாவ் எரிக் பாஷ் என்பவர் மருந்தை இரண்டாகப் பிரித்தார். பாதி குச்சியில், பாதி பெட்டிப் பக்கத்தில். பெட்டிக்குச் சிவப்புப் பாஸ்பரஸ். குச்சிக்குப் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். யாங்ஷோப்பிங் என்ற ஊரில் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைப் பெரிய தொழிலாக்கினார்கள். இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டி 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது.

பிரித்து வைத்ததில் பாதுகாப்பு வந்தது. கூடவே நமுத்தலும் இரண்டு இடத்துக்கு வந்தது. குச்சித் தலையில் மருந்தைப் பிடித்து வைப்பது வஜ்ரம். மாட்டுத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகும் குணமுள்ளது. இளகினால் உரசும்போது மருந்து கழன்று போகும். பெட்டிப் பட்டையும் ஈரமானால் சொரசொரப்பு போய், குச்சி வழுக்கும். பத்துக் குச்சி உரசியும் பற்றவில்லை என்றால் குற்றம் குச்சியில் மட்டும் இல்லை, பட்டையிலும் இருக்கும்.

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுவந்து, 1920-களின் தொடக்கத்தில் இங்கே தீப்பெட்டித் தொழிலை ஆரம்பித்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. முதலில் இயந்திரத்தை நம்பினார்கள். பிறகு கைவேலைக்கு மாறினார்கள். அதே 1923-ல்தான் ஸ்வீடன் கம்பெனி ‘விம்கோ’ என்ற பெயரில் இந்தியாவில் கால் வைத்தது. பம்பாய்ப் பக்கம் அம்பர்நாத், கல்கத்தா, சென்னை, பரேலி, அஸ்ஸாமில் துப்ரி என்று அவர்களுக்கு ஆலைகள். அவர்களிடம் இயந்திரம் இருந்தது. குச்சி உள்ளே போனால் மருந்து முக்கி, வெந்காற்றில் காய்ந்து, பெட்டிக்குள் போய் விழும். துப்ரி மாதிரி பிரம்மபுத்திரா கரையில் ஈரக்காற்று அடிக்கும் ஊரிலும் அவர்களால் தொழில் நடத்த முடிந்தது.

நம்மவர்களிடம் அந்த இயந்திரம் இல்லை. இருந்தது இந்த ஊர்க் காற்று. மேற்கு மலை தென்மேற்குப் பருவ மழையைத் தடுத்துவிடுகிறது. நமக்கு வருவது மழையை இறக்கிவைத்துவிட்ட வறண்ட காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து அடிக்கும் காற்றில் துணி காயப் போட்டால் கால் மணி நேரத்தில் மொறமொறவென்று ஆகிவிடும். ஸ்வீடன்காரன் நிலக்கரி எரித்து உண்டாக்கிய வெந்காற்று நமக்குக் காசில்லாமல் கிடைத்தது. வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் கொட்டகைக்குள் குச்சி தானாகக் காயும். வெள்ளாமை பொய்த்த கரிசல் மண்ணில் கூலிக்கு ஆள் கிடைத்ததும், கையில் காசு வைத்திருந்த வியாபாரிகள் துணிந்ததும் மற்ற காரணங்கள். ஆனால் காற்று ஒத்துழைக்காமல் அவை மட்டும் போதாது.

சிவகாசிக்கு ரயில் வந்தது 1927-ல். அதுவரை ரயில் வேண்டுமென்றால் சாத்தூருக்கோ விருதுநகருக்கோதான் வண்டி கட்ட வேண்டும். மதுரை - தூத்துக்குடிப் பாதை 1876-லேயே சாத்தூர் வழியாகப் போய்விட்டது. சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸ்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். (வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ், அவ்வளவுதான்.)

அச்சுத் தொழிலும் இப்படித்தான் வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். ஈரக்காற்றில் தாள் விரியும்; காய்ந்தால் சுருங்கும். நாலு வண்ணத்தில் நாலு தடவை அச்சிடும்போது இடையில் தாள் விரிந்தால், சரஸ்வதியின் உதட்டுச் சாயம் கன்னத்தில் போய் விழும். இந்த ஊர்த் தாள் அப்படி அசைவது குறைவு.

ஆனால் 40 கிலோமீட்டர் மேற்கே, மலையடிவாரத்து ராஜபாளையத்தில், கதை தலைகீழ். அங்கே 1936-ல் பஞ்சாலை வந்தது. நூல் நூற்பதற்கு ஈரக்காற்று வேண்டும். வறண்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஆலைக்குள் தண்ணீரைப் புகையாகத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரே மாவட்டத்தில் ஒரு பக்கம் காற்றை நனைத்துப் பிழைத்தார்கள், இன்னொரு பக்கம் காற்றை உலர்த்திப் பிழைத்தார்கள்.

ஐப்பசி வந்தால்

எட்டு ஒன்பது மாதம் சரி. மீதி மூன்று மாதம்? நமக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவத்தில். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தீப்பெட்டி ஆபீஸில் பாதி வேலை நின்றுவிடும். மருந்து முக்கிய கட்டைகள் காயாது. வீட்டில் பெட்டி ஒட்டும் பெண்களுக்குப் பசை காயாது. அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் பூஞ்சணம் பிடிக்கும். கூலியோ எண்ணிக்கைக் கணக்கு. ஒட்டின பெட்டிக்குத்தான் காசு. கட்டை அடுக்கினால்தான் காசு. மழை பெய்த நாளுக்கு யாரும் கூலி தருவதில்லை.

ஒரே வீட்டில் மாமனார் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, இன்னும் ரெண்டு மழை விழுந்தால் மானாவாரி பிழைத்துவிடும் என்பார். உள்ளே மருமகள் அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, இந்த மழை என்றைக்கு விடும் என்று முணுமுணுப்பாள். இரண்டு பேர் வேண்டுதலும் இருக்கன்குடி மாரியம்மனுக்குத்தான் போகும். அம்மன் பாடு திண்டாட்டம்தான்.

வெயில் அடித்தாலும் ஒரு சிக்கல் உண்டு. முக்கிய மருந்து உச்சி வெயிலில் சட்டென்று காய்ந்தால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் நிற்கும். பிறகு தலை வெடிக்கும். அதனால் நேர் வெயிலில் வைக்காமல், காற்று ஓடும் நிழலில் காய வைப்பார்கள். பழைய போர்மேன்கள் கட்டையின் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தே இன்றைக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

உள்ளே பெய்த மழை

நான் லாரி புக்கிங் ஆபீஸில் முப்பத்திநாலு வருஷம் கணக்கு எழுதியவன். அங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980-களில் ஒரு மார்கழி. சாத்தூரிலிருந்து ஒரு லாரி நிறையத் தீப்பெட்டிப் பண்டல் வடக்கே போனது. ஒரு பண்டலில் 600 பெட்டி. கார்த்திகை மழை விட்டும் விடாமலும் இருந்த நேரத்தில் ஏற்றிய லோடு. டெல்லியைத் தாண்டி இறக்கியபோது மேலடுக்குப் பண்டல்கள் நனைந்து நமுத்துக் கிடந்தன. வாங்கியவர் பணத்தைப் பிடித்துக்கொண்டார். ஆபீஸ்காரர் லாரி வாடகையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் தார்ப்பாயைச் சரியாகக் கட்டவில்லை, மழையில் நனைய விட்டுவிட்டான் என்று பேச்சு.

டிரைவர் நாமக்கல் பக்கத்து ஆள். தார்ப்பாயை ஆபீஸ் வாசலில் விரித்துப் போட்டுவிட்டார். “வழியில ஒரு சொட்டு மழை பாக்கல அண்ணாச்சி. இதுல ஒரு பொத்தல் காட்டுங்க, எனக்கு வாடகையே வேண்டாம்.”

வந்திருந்தவர்களில் வயதான போர்மேன் ஒருவர் இருந்தார். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“எந்த அடுக்கு நனைஞ்சுது தம்பி?”

“மேலடுக்கு மட்டும்தான். தார்ப்பாய ஒட்டி இருந்தது பூராவும். நடுவுல, அடியில எல்லாம் நல்லாயிருக்கு.”

“ஒரு மூலையில மட்டுமா, பூராவுமா?”

“பூராவும்.”

“அப்ப மழை வெளிய பெய்யல. உள்ளதான் பெஞ்சிருக்கு.”

யாருக்கும் புரியவில்லை. அவர் விளக்கினார். மழைக்காலத்தில் ஏற்றிய குச்சியும் அட்டையும் உள்ளுக்குள் ஈரத்தோடு இருக்கின்றன. பகலில் வெயில் பட்டுச் சூடாகி அந்த ஈரத்தை ஆவியாக விடுகின்றன. தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருப்பதால் ஆவி வெளியே போக வழியில்லை. வடக்கே இரவில் குளிர் இறங்கியதும் தார்ப்பாய் சில்லிட்டுப்போய் அடிப்பக்கம் வேர்க்கிறது. வேர்த்தது சொட்டுகிறது. பொத்தல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் நனையும். மேலடுக்கு பூராவும் ஒரே மாதிரி நனைந்திருக்கிறது என்றால் இதுதான். டிரைவர் எவ்வளவு நன்றாக இறுக்கிக் கட்டினாரோ அவ்வளவு நனைந்திருக்கிறது.

கடைசியில் பிடித்த வாடகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிப் பாதி டிரைவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து குளிர்கால வடக்கு லோடுகளுக்கு மேலடுக்குக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் சாக்கும் பழைய அட்டையும் பரப்பினார்கள். பகலில் வண்டி நிற்கும் இடத்தில் பின்பக்கத்தைக் கொஞ்சம் திறந்துவிடச் சொன்னார்கள். மழையில் நனைந்த அட்டையை ஏற்றுவதில்லை என்றும் வைத்துக்கொண்டார்கள்.

இதைக் கப்பல்காரர்கள் நெடுங்காலமாகவே அறிவார்கள். சூடான நாட்டில் சரக்கு ஏற்றிக் குளிர்ந்த கடலுக்குப் போகும்போது கப்பலின் இரும்புச் சுவர் வேர்க்கும். இப்போது தூத்துக்குடியிலிருந்து கன்டெய்னரில் சரக்குப் போகிறதே, அதிலும் இதுதான். 20 அடிக் கன்டெய்னருக்குள் சுமார் 33 கன மீட்டர் இடம். வெறும் காற்றில் இருக்கும் நீராவி எவ்வளவு போனாலும் ஒரு லிட்டருக்கு மேல் தேறாது. ஆனால் உள்ளே 7 டன் மரமும் அட்டையும் இருந்து, அதில் நூற்றுக்கு 10 பங்கு ஈரம் என்று வைத்துக்கொண்டால், 700 லிட்டர் தண்ணீர் உள்ளேயே பயணம் செய்கிறது. இதனால்தான் கன்டெய்னருக்குள் கால்சியம் குளோரைடு பைகளைத் தொங்க விடுகிறார்கள். அது ஈரத்தை இழுத்துக் கூழாக மாறிக்கொள்ளும். பை உதவும். ஆனால் சரக்கைக் காய வைத்து ஏற்றுவதற்கு ஈடாகாது. பாட்டி தானியத்தைப் பல்லில் கடித்துப் பார்த்தாளே, அந்தச் சோதனை இங்கேயும் முதலில் வருகிறது.

குளிர் நாட்டில் பிள்ளைகள் இருக்கும் நம் நண்பர்கள் இதை வேறு விதத்தில் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கே விடுமுறைக்குப் படுக்கை, அடுப்பு வைத்த வண்டியைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் காட்டோரம் தங்குகிறார்கள். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் அடைத்துக்கொண்டு தூங்கினால் காலையில் கண்ணாடி, சுவர், மெத்தையின் அடி எல்லாம் ஈரம். வெளியே சொட்டு மழை இருக்காது. ஓர் ஆள் தூங்கி எழுவதற்குள் மூச்சிலும் தோலிலுமாக ஒரு டம்ளர் தண்ணீருக்குக் குறையாமல் காற்றில் விடுகிறார். அது குளிர்ந்த சுவரில் உட்காருகிறது. வைத்தியம் நம் போர்மேன் சொன்னதேதான்: கொஞ்சம் திறந்து வை, உள்ளே ஈரத்தைக் குறை, குளிர்ந்த சுவருக்கும் பொருளுக்கும் நடுவில் எதையாவது வை. அடைத்து மூடினால் குளிர் குறையும், ஈரம் கூடும்.

மருந்தறைக்குள் ஈரம்

தீப்பெட்டியில் ஈரம் பட்டால் நஷ்டம். பட்டாசில் ஈரம் பட்டால் உயிருக்கே ஆபத்து. இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்கக் கூடாது.

பழைய கருமருந்தின் கதையே உப்பும் ஈரமும்தான். பீகார்ப் பக்கத்து வெடியுப்பு உலகப் புகழ் பெற்றது. சுத்தம் செய்யாத வெடியுப்பில் கலந்திருக்கும் வேறு உப்புகள் ஈரத்தை இழுக்கும். அதனால் காய்ச்சிக் காய்ச்சிச் சுத்தம் செய்வார்கள். சிலி நாட்டில் மலிவாகக் கிடைத்த சோடியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தலாமே என்று பார்த்தால் அது ஈரத்தைக் குடித்துவிடும். 1857-ல் அமெரிக்காவில் லாமோ டூபாண்ட் என்பவர் அந்த மருந்து மணிகளுக்குப் பென்சில் கரி பூசிப் பாறை உடைப்பதற்குப் பயன்படுத்தும் வழியைக் கண்டார். பட்டாசுக்குப் பொட்டாசியம் உப்பே நிலைத்தது.

நம் ஊரில் பட்டாசுத் தொழில் வேகம் பிடித்தது 1940-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் உலகப் போரும் வந்த பிறகு. பேன்சி ரகங்களுக்கு அலுமினியப் பவுடர் வந்தது. இந்த அலுமினியத்தோடு ஈரம் சேர்ந்தால் மெல்ல மெல்ல வேதிவினை நடந்து சூடு ஏறும். காற்று போகாத இடத்தில் குவிந்து கிடந்தால் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே பற்றிக்கொள்ளும். கலந்த மருந்தை மிச்சம் வைக்காதே, அன்றன்றைக்கு முடித்துவிடு என்று மூத்தவர்கள் கண்டிப்பாகச் சொன்னது இதனால்தான். மருந்துக் கலவையில் சிறிது போரிக் அமிலம் சேர்ப்பதும் இந்த வினையை அடக்குவதற்குத்தான்.

சரி, ஈரமே இல்லாமல் முழுக்க வறண்டிருந்தால் நல்லதா என்றால், அதுவும் இல்லை. வறண்ட காற்றில்தான் உடம்பில் மின்னூட்டம் சேரும். நைலான் சேலை கட்டிக்கொண்டு நடந்தால் படபடவென்று பொறி வருமே, அந்தப் பொறி போதும். அதனால்தான் மருந்தறையில் பருத்தித் துணி மட்டும் உடுத்தச் சொல்கிறார்கள். வாசலில் பூமியோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகச் சொல்கிறார்கள். தரையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். கலவை வேலையை வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே முடிக்கச் சொல்கிறார்கள். இந்தத் தொழிலை இங்கே கொண்டுவந்த அதே வறட்சியே சித்திரை, வைகாசியில் எமனாகவும் நிற்கிறது.

2012 செப்டம்பரில் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பல பேர் போனார்கள். 2021 பிப்ரவரியில் நம் சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சன்குளத்தில் இன்னொரு பெரிய விபத்து. ஒவ்வொன்றுக்கும் காரணங்கள் பல இருக்கும். எல்லாவற்றையும் ஈரத்தின் தலையிலோ வறட்சியின் தலையிலோ போட முடியாது. ஆனால் விதியில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எங்கோ ஒரு காலத்தில் ஓர் உயிர் போயிருக்கிறது. தீபாவளி நெருங்க, மழையும் நெருங்க, ஆர்டரை முடிக்க வேண்டிய அவசரத்தில்தான் அந்த வரிகள் மறந்துபோகின்றன.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்து, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. பேரியம் நைட்ரேட் ஈரத்தை எளிதில் இழுக்காத உப்பு. அதற்குப் பதில் கைகொடுக்கும் ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் ஈரத்துக்குக் கொஞ்சம் இளகிய மனசுக்காரர். காற்று கெடாமல் இருக்க வேண்டியது அவசியம்தான். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் தீர்த்ததாக நினைத்த நமுத்தல் பிரச்சினையைப் புதிய கலவைகளோடு திரும்பவும் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இன்றைக்கு

தீப்பெட்டியின் விலை 2007-ல் ஒரு ரூபாய் ஆனது. 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய். இடையில் பதினாலு வருஷம். அதற்குள் வெளிநாட்டு லைட்டர் வந்துவிட்டது. லைட்டருக்கு நமுத்தல் கிடையாது, அதுதான் அதன் பெரிய பலம். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023-ல் மத்திய அரசு தடை போட்ட பிறகு தொழிலுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கிறது. கைவேலை ஆபீஸ்கள் பல இயந்திரத்துக்கு மாறிவிட்டன. கொட்டகைக் காற்றை நம்பி நிற்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

வீட்டு உபயோகத்துக்கு நாலு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். மழைக்காலத்தில் தீப்பெட்டியை எவர்சில்வர் டப்பாவில் இறுக்கி மூடுவதற்கு முன், பெட்டி காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்தோடு மூடினால் ஈரத்தைத்தான் காப்பாற்றுவீர்கள். இரும்பு பீரோவை வெளிச்சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். நாலு விரல் இடைவெளி விடுங்கள். பத்திரங்களும் பென்ஷன் காகிதங்களும் அதற்குள்தானே இருக்கின்றன. சேவு டப்பாவில் கையை விடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். மிச்சமான வெடி நமுத்துவிட்டது என்று யாரும் அடுப்புப் பக்கத்தில் காய வைக்காதீர்கள். பேரன் அழுதாலும் சரி, தண்ணீர் வாளியில் போட்டுவிடுங்கள். அது ஒன்றுதான் ஈரம் நமக்குச் செய்யும் உதவி.